சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்

போன வருடம் ஆவணி மாதம், ஓணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. மலையாளக் கணக்கில் சிங்ஙம். எங்கள் வீட்டில் இரண்டு நாட்காட்டியும் ஒரே ஆணியில்தான் தொங்கும். இரண்டையும் பார்க்காமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை. எந்த வருட மழையில் எந்தக் கிடங்குக்குள் தண்ணீர் ஏறியது, பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்தது எந்த மாதம் என்ன கிழமை என்று தெருவில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பார்கள். நாள் கணக்கில் நான் தவறியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயத்திலும் தவறவில்லை. வந்த வினையே அதனால்தான்.

நான் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு பஜாரில் சாக்கும் கயிறும் விற்கும் கடை. மிளகும் சுக்கும் மூட்டை கட்டுகிறவரை அந்தக் கடைக்குக் குறையில்லை. ஒரே மகள், காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. வந்த ஜாதகங்களை எல்லாம் ஏதாவது ஒரு குறை சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தவள், பள்ளுருத்தியிலிருந்து வந்த ஒரு பையனைப் பற்றி மட்டும் “பாக்கலாமே” என்றாள். அவர்களும் எங்களைப் போலவே இரண்டு மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பம். பையனும் மகளும் ஒருநாள் எர்ணாகுளத்தில் காப்பி குடித்துப் பேசிவிட்டு வந்தார்கள். அன்று மாலை அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்தாள். மகள் துணி மடித்ததே செய்தி. பாட்டோடு மடித்தது பெரிய செய்தி.

இதற்கு நடுவில் என் தாடை. பல வருடங்களாகத் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பேன். “ராத்திரி பூரா அம்மியில என்னதான் அரைக்கிறே?” என்று கணவர் கேட்பார். காலையில் எழுந்தால் கன்னம் இரண்டும் கல்லை மென்றதுபோல வலிக்கும். காது குடையும், நெற்றிப்பொட்டு தெறிக்கும். ஒரு கடைவாய்ப் பல்லின் ஓரம் உடைந்து விழுந்தது. பல்லுக்குப் போட்டுக்கொள்ளக் கொடுத்த பிளாஸ்டிக் உறையையும் கடித்தே ஓட்டை ஆக்கினேன்.

எர்ணாகுளத்தில் ஒரு பல் டாக்டர் அம்மாவிடம் போனேன். என் கன்னத்தில் இரண்டு கைகளையும் வைத்து, பல்லைக் கடிக்கச் சொன்னார். “பாறை மாதிரி இருக்கு. இந்தத் தசை ராத்திரி ஓய்வே எடுக்கறதில்ல. இதுக்கு நேரடியா ஊசி போட்டுத் தளர்த்தினா வலி குறையும். மூணு நாலு மாசம் தாங்கும்” என்றார். ஊசியின் பெயரைக் கேட்டதும் எழுந்தே விட்டேன். போடாக்ஸ். எங்கள் பஜாரில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: வயதை மறைக்கிற நடிகைகள்.

ஆனால் எதையும் படித்துப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை நான். நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். கெட்டுப்போன இறைச்சியில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு அது என்றும், மிகச் சிறிய அளவில் அதையே மருந்தாக்கியிருக்கிறார்கள் என்றும், அழகுக்கு வருவதற்கு முன்பே மாறுகண்ணைச் சரிசெய்யத்தான் பயன்படுத்தினார்கள் என்றும் தெரிந்துகொண்டேன். அளவு மாறினால் நஞ்சும் மருந்தாகும் என்பது நம் வைத்தியத்துக்கும் தெரிந்ததுதானே. மனம் ஒப்பியது.

அடுத்து நாள் பார்த்தேன். ஊசி போட்டுச் சில நாளில் வேலை செய்யத் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆடியில், அதாவது இங்கே கர்க்கடகத்தில், நல்ல காரியம் எதுவும் கிடையாது. பெண் பார்க்க ஆவணியில்தான் வருவார்கள். ஆகவே ஆடி கடைசி வாரம் ஊசி போட்டால், அவர்கள் வரும் நாளில் வலியில்லாமல் வாய்விட்டுப் பேசலாம், சிரிக்கலாம். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் ‘பெண்ணின் அம்மா முகத்துக்கு ஊசி போட்டுக்கொண்டாள்’ என்ற பேச்சு வேண்டாமே. “பல்லுல ஒரு சின்ன வேலை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன்.

எறும்பு கடித்தது போல இரண்டு கன்னத்திலும் சில குத்தல்கள். அவ்வளவுதான். “தேய்க்காதீங்க, அழுத்தாதீங்க, மசாஜ் பண்ணாதீங்க. மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவிடும்” என்று டாக்டர் எச்சரித்தார். தலையாட்டினேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, வழக்கம்போல எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். கர்க்கடகம் என்றால் இங்கே உடம்புக்கு எண்ணெய் வைக்கிற மாதம். வைத்தியசாலையில் தரும் கெட்டியான மருந்தெண்ணெயைக் குழம்பு என்பார்கள். அதைச் சூடாக்கித் தோள், கழுத்து, தாடை என்று நன்றாக நீவிவிட்டு, வெந்நீர் ஒத்தடமும் கொடுப்பது வருடா வருடம் என் வழக்கம். டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அது இங்கிலீஷ் மருந்துக்காரர் இங்கிலீஷ் மருந்துக்குச் சொன்ன பத்தியம், கர்க்கடகக் குழம்பு வேறு வைத்தியம், இரண்டும் ஒன்றில் ஒன்று தலையிடாது என்று உறுதியாக நம்பினேன். இத்தனை படித்தவள் இதைப் பற்றி எதையும் படித்துப் பார்க்கவில்லை. ஊசி குத்திய இடம் லேசாக வலித்ததால் அங்கே கொஞ்சம் கூடுதலாகவே நீவினேன். இரண்டு பக்கமும், வஞ்சனை இல்லாமல்.

ஒரே வாரத்தில் வலி போய்விட்டது. காலையில் எழுந்தால் தாடை வெண்ணெய் போல இருந்தது. அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்துப் பல வருடம் ஆகியிருந்தது. முறுக்கு போன்ற கடினமான பண்டத்தைக் கடிக்கக் கொஞ்சம் பலம் போதவில்லை. அதை டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் கவலைப்படவில்லை. “என்ன, எப்பப் பாத்தாலும் உர்ருனு இருக்கே?” என்று கணவர் ஒருநாள் கேட்டார். அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொன்னால் நாள் போதாது. மீன்காரி கூட, “சேச்சிக்கு இன்னைக்கு என் மேல என்ன கோவம்? மீனு நல்ல மீனாக்கும்” என்றாள். விலையைக் குறைக்காமல் இருக்கத்தான் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பையன், அவன் அப்பா, அம்மா மூவரும் வந்தார்கள். பையன் அடக்கமாக இருந்தான். அப்பா கலகலப்பாகப் பேசினார்; லேத் பட்டறை வைத்திருப்பவர். பையனின் அம்மாதான் எனக்குப் புரியவில்லை. நல்ல பட்டுப்புடவை, காதை மூடித் தழைய வாரிய முடி. அளந்து அளந்து பேசினார். நான் சமையலறை வாசலில் நின்று, “சாயாவுக்குச் சர்க்கரை போடலாமா?” என்று கேட்டேன். பதில் இல்லை. சுவரில் இருந்த மகளின் பட்டமளிப்புப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை கேட்டேன். அதற்கும் திரும்பவில்லை. பையனின் அப்பா அவசரமாக, “போடலாம், போடலாம்” என்றார். சரியான தலைக்கனம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். ஆனாலும் மகளுக்காக முகம் கோணாமல், வாய் நிறையச் சிரித்தபடியே அவர்களை உபசரித்தேன். அவர்கள் அச்சப்பம், அதாவது அச்சு முறுக்கு, கொண்டுவந்திருந்தார்கள். அம்மாவே வீட்டில் சுட்டதாம். ஒன்றைக் கையில் எடுத்தேன். கடித்தால் தாடை ஏமாற்றிவிடுமோ என்று தோன்ற, அப்படியே தட்டில் திருப்பி வைத்துவிட்டேன்.

எல்லாம் நன்றாக முடிந்ததாகவே நினைத்தேன். செவ்வாய்க்கிழமை, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த சாயாக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அக்கா, ஒரு காரியம் சொன்னா கோவப்படக் கூடாது.”

“சொல்லுங்க.”

“பையனோட அம்மைக்குப் பொண்ண நல்லா இஷ்டப்பட்டுச்சு. ஆனா உங்களுக்கு இஷ்டமில்லையோன்னு ஒரு தோணல். வந்தது முதல் போனது வரை நீங்க ஒரு தடவைகூட சிரிக்கலையாம். அவங்க அடுப்புல நின்னு சுட்ட அச்சப்பத்தை எடுத்துப் பாத்துட்டு திருப்பி வெச்சீங்களாம். அம்மாவுக்கு மனசில்லாத வீட்டுல பொண்ணு எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை தொடுபுழையில வேற ஒரு பொண்ணு பாக்கப் போறாங்க.”

எனக்கு ஆத்திரம் வந்தது. “நானா சிரிக்கலை? சிரிச்சு சிரிச்சு எனக்கு வாய் வலிக்காததுதான் பாக்கி! அவங்கதான் நான் ரெண்டு தடவை கேட்டும் வாயைத் தொறக்கலை.”

“அதை அங்க போய் நான் சொல்லவா?”

“தாராளமா சொல்லுங்க!”

அவர் போனதும் திரும்பினேன். மகள் அறை வாசலில் நின்றிருந்தாள். அன்று வீட்டிலிருந்தே வேலை செய்யும் நாள் என்பதை மறந்திருந்தேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“உனக்குப் பிடிக்கலைன்னா என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேம்மா” என்றாள்.

“எனக்குப் பிடிக்கலைன்னு யாருடி சொன்னா? நான் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தேன்!”

தன் கைபேசியை என்னிடம் நீட்டினாள். அன்று என் கணவர் எடுத்த படங்கள். சாயா கொடுக்கும் நான், சோபா ஓரத்தில் நிற்கும் நான், வழியனுப்பும் நான். எல்லாப் படத்திலும் துக்க வீட்டுக்கு வந்தவள் போல ஒரு பெண் நிற்கிறாள். “இதுலயா சிரிக்கறே? இதுலயா?” என்று அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள்.

குளியலறைக் கண்ணாடி முன் போய் நின்றேன். சிரித்தேன். உள்ளே சிரிப்பு இருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ணாடியில் உதடு கோடு போட்டது போலக் கிடந்தது. இன்னும் பெரிதாகச் சிரித்தேன். கீழுதடு கொஞ்சம் திறந்து பல் தெரிந்தது. வாயோரம் இரண்டும் மேலே ஏறவே இல்லை. விரலால் தூக்கி விட்டேன். விட்டதும் இறங்கிவிட்டது. இவ்வளவு நாளாக இந்த முகத்தோடுதான் கணவரிடமும் மீன்காரியிடமும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டரைக் கூப்பிட்டேன். கேட்டுவிட்டு, “கன்னத்தைத் தேய்ச்சீங்களா?” என்றார்.

“தேய்க்கல டாக்டர். கொஞ்சம் குழம்பு வெச்சு நீவினேன். ஒத்தடமும் கொடுத்தேன்.”

“அதுக்குப் பேர்தான் தேய்க்கறது” என்றார் மறுமுனையில். பிறகு, பயப்பட ஒன்றுமில்லை, மருந்து சிரிக்கும் தசைக்கும் பரவியிருக்கும், அதைத் திருப்பி எடுக்க வழியில்லை, ஆனால் ஒன்றிரண்டு மாதத்தில் தானாகவே சரியாகிவிடும் என்றார். நேரில் வந்து ஒருமுறை காட்டச் சொன்னார்.

ஒன்றிரண்டு மாதம் எனக்கு ஏது? தொடுபுழைக்குப் போகிற ஞாயிறு இந்த வாரமே வருகிறது.

கணவரையும் மகளையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் என் நெற்றியை உற்றுப் பார்த்தார். “போடாக்ஸா? சுருக்கமெல்லாம் அப்படியேதானே இருக்கு! சிரிப்பை மட்டும் எடுத்துக்கிட்டாங்களா?” என்றார். மகள் அழுகைக்கு நடுவில் களுக்கென்று சிரித்துவிட்டாள். “நான் அவருக்கு மெசேஜ் பண்ணிடறேன்மா” என்றாள். வேண்டாம் என்றேன். அவன் போய் அம்மாவிடம் சொன்னால், பெண் வீட்டார் ஜோடித்த கதை என்றுதான் படும். என் முகம் செய்த வேலையை என் முகமே போய்த் தீர்க்கட்டும் என்று தோன்றியது.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்து, ஆட்டோ பிடித்துப் பள்ளுருத்திக்குப் போனேன். வழியெல்லாம் தூறல். எங்கே எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அந்தத் தலைக்கனக்காரி கதவைத் திறப்பாளா என்பதே சந்தேகமாக இருந்தது.

வாசல் கதவு திறந்திருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. பக்கவாட்டுச் சந்தில் நடந்து பின்பக்கம் போனேன். பையனின் அம்மா எனக்கு முதுகைக் காட்டி, குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து மத்தி ஆய்ந்துகொண்டிருந்தார். “வணக்கங்க” என்றேன். திரும்பவில்லை. பத்தடி தூரம்கூட இல்லை. மறுபடி குரலை உயர்த்திக் கூப்பிட்டேன். கத்தி மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. கோபம் உச்சிக்கு ஏறித் திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கால் எடுத்தும் வைத்துவிட்டேன்.

அப்போது குக்கர் இன்னொரு விசில் அடித்தது. பிறகு இன்னொன்று. சமையலறை ஜன்னல் அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. அந்த அலறலுக்கு மதில்மேல் இருந்த பூனை கீழே குதித்து ஓடியது. அவர் அசையவே இல்லை. நிதானமாக அடுத்த மீனை எடுத்தார்.

எனக்கு எல்லாம் புரிந்துபோனது. சர்க்கரை, சுவர்ப் படம், காதை மூடிய முடி, அளந்த பேச்சு, பையனின் அப்பா அவசரமாகச் சொன்ன பதில். சுற்றிக்கொண்டு போய் அவருக்கு எதிரில் நின்றேன்.

“ஐயோ!” என்று துள்ளி எழுந்தார். குரல் சாதாரணப் பேச்சைவிடப் பெரிதாக இருந்தது. “எப்ப வந்தீங்க? கூப்பிட்டீங்களா?” கேட்கும்போதே மீன் கை காதை நோக்கிப் போய், நடுவில் நின்றது.

நான் ஜன்னலைக் காட்டினேன். “குக்கர்!”

உள்ளே ஓடினார். நானும் ஓடினேன். அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மறைக்க இனி ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

“ஒரு காது சுத்தமா கேக்காது. இன்னொண்ணு கொஞ்சம். மிஷின் இருக்கு, அலமாரியில” என்றார். “செவிட்டு மாமியார்னு பொண்ணு பயந்துடுமோன்னு உங்க வீட்டுக்கு அதை வெக்காம வந்தேன். இவருகிட்டயும் மோன்கிட்டயும் சத்தியம் வாங்கியிருந்தேன், சொல்லக் கூடாதுன்னு.”

“நான் சாயாவுக்குச் சர்க்கரை கேட்டேன். ரெண்டு தடவை” என்றேன், வாயை நன்றாகத் திறந்து, மெதுவாக.

“கேட்டீங்களா! நீங்க பக்கவாட்டுல நின்னிருப்பீங்க. முகம் தெரியணும் எனக்கு. வாய் பாதி, முகம் பாதி, அப்படித்தான் நான் பேச்சு பிடிக்கறது. உங்க வாய் நல்ல வார்த்தைதான் சொல்லுச்சு. முகத்துல ஒண்ணுமே இல்ல. நான் முகத்தை நம்பினேன்.”

அப்புறம் என் கதையைச் சொன்னேன். தாடை, ஊசி, குழம்பு, ஒத்தடம் எல்லாம். என் உதட்டையே பார்த்துக்கொண்டு கேட்டார். நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

“இப்ப சிரிங்க, நான் பாக்கட்டும்.”

“சிரிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.”

“எங்க?” என்று கிட்டே வந்து, மத்தி வாங்கும்போது செவுளைப் புரட்டிப் பார்ப்பது போல என் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு நினைவு வந்தவராகக் குக்கரைத் திறந்தார். உள்ளே பருப்பு இல்லை, பசை இருந்தது. கரண்டியை விட்டால் நட்டுக்கொண்டு நின்றது. “பாத்தீங்களா? உங்க ஊசியாவது மூஞ்சியோட போச்சு. என் காது தினம் ஒரு குக்கர் பருப்பைக் கொல்லுது” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் வழியாக வெளியே போக முடியாத சிரிப்பு. தோள் குலுங்கியது, வயிறு பிடித்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்தது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மீன் படாத புறங்கையை என் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். “கன்னம் சும்மாதான் இருக்கு. ஆனா ஆளு முழுசும் சிரிக்குதே!” என்றவர், தானும் சிரிக்கத் தொடங்கினார். இரண்டு பேரும் கருகின பருப்பு வாசனையில் நின்று மூச்சு முட்டச் சிரித்தோம்.

சாயா போட்டார். என் எதிரில் வந்து, என் முகத்துக்கு நேராக நின்று, “சர்க்கரை போடலாமா, சம்பந்தி?” என்று கேட்டார். டப்பாவில் மீதியிருந்த அச்சப்பத்தைச் சாயாவில் நனைத்துச் சாப்பிட்டேன். ஏலக்காய் தூக்கலாக, அருமையாக இருந்தது. அதையும் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை தொடுபுழைக்குப் போகவில்லை. சிங்ஙம் முடிவதற்குள் நிச்சயம் நடந்தது. அந்தப் படங்களிலும் என் வாய் கோடு போட்டதுபோலத்தான் இருக்கிறது. பக்கத்தில் சம்பந்தி முடியைத் தூக்கிக் கொண்டை போட்டு, பூ வைத்து, காதில் மிஷின் பளிச்சென்று தெரிய நிற்கிறார். “நீங்க ஊசியை ஊரறியச் சொல்லிட்டீங்க, எனக்கு மட்டும் என்ன வெக்கம்?” என்றார். தீபாவளியை ஒட்டி என் சிரிப்பு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. முதலில் கவனித்தவள் மீன்காரி.

மார்கழியில் தாடை வலி மறுபடி தலைகாட்டியது. தை மாதம் கல்யாணம் முடியட்டும் என்று பொறுத்திருந்து, மாசியில் அதே டாக்டரிடம் அதே ஊசியைப் போட்டுக்கொண்டேன். இந்த முறை எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனேன். “வீட்டுல குழம்பு இருக்கா?” என்று டாக்டர் கேட்டார். “இருக்கு டாக்டர். எங்க வீட்டுக்காரர் கடையில வெச்சுப் பூட்டியிருக்கார்” என்றேன். வலி போனது, சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. என்னைப் போலப் பல்லைக் கடிக்கிறவர்களுக்கு இந்த வைத்தியத்தைத் தைரியமாகச் சொல்கிறேன், டாக்டர் சொல்வதைச் சொன்னபடி கேட்க முடியும் என்றால்.

ஆனால் யாராவது நான் கூப்பிட்டுத் திரும்பாமல் இருந்து, அவரைப் பற்றி மனதுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிவிட நான் தயாராகும் ஒவ்வொரு தடவையும், பள்ளுருத்தி வீட்டுக் கொல்லையில் ஓயாமல் கூவிய அந்தக் குக்கரின் சத்தம் என் காதில் கேட்கிறது. இரண்டடி சுற்றி நடந்து அவருக்கு எதிரே போய் நின்றுவிடுகிறேன்.